பிழைச் செய்தி வருகிறது என்று ஐஓஎம்எம்யூவை அணைக்காதீர்கள்

மறுபடியும் அதே கதை. ஒருவர் மடிக்கணினியில் தண்டர்போல்ட் டாக்கை (ஒரே கேபிளில் நெட்வொர்க், திரை எல்லாம் தரும் பெட்டி) செருகுகிறார், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதும் லாகில் டிஎம்ஏஆர் என்று தொடங்கும் பிழை வரிகள் கொட்டுகின்றன, டாக்கில் இருக்கும் நெட்வொர்க் கார்டு எழும்பவில்லை. தேடிப் பார்த்தால் முதலில் கிடைக்கிற பதில், கெர்னலுக்கு அமைப்புகளைச் சொல்லும் பூட் வரியில் ஐஓஎம்எம்யூவை, அதாவது சாதனங்கள் நினைவகத்தில் எதைத் தொடலாம் என்று காவல் காக்கும் வன்பொருளை, ஆஃப் செய்துவிடு என்பது. செய்கிறார். நெட்வொர்க் வந்துவிடுகிறது. "பிரச்சினை தீர்ந்தது, மிக்க நன்றி" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார், அடுத்து வருகிறவர் அதைப் பார்த்து அதையே செய்கிறார்.

டிரைவர்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை என்பதால் இது எனக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் அண்மையில் வந்த ஒரு பிழை அறிக்கையில், அந்த ஆஃப் வரியை ஒரு நிறுவனத்தின் எல்லா மடிக்கணினிகளிலும் நிறுவப்படுகிற இயங்குதள இமேஜிலேயே சேர்த்து வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால், "நாங்கள்தான் விர்ச்சுவல் மெஷின் எதுவும் ஓட்டுவதில்லையே, அப்புறம் அது எதற்கு?" என்று பதில் வருகிறது.

இந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். நிறையப் பேர் ஐஓஎம்எம்யூ என்ற பெயரை முதன்முதலில் பார்ப்பதே, கிராஃபிக்ஸ் கார்டை விர்ச்சுவல் மெஷினுக்குள் கொடுப்பது எப்படி என்று சொல்லும் வழிகாட்டிகளில்தான். பயாஸில் அந்த ஆப்ஷனும் விர்ச்சுவலைசேஷன் என்ற தலைப்பின் கீழேயே உட்கார்ந்திருக்கும், இன்டெல் அதற்கு வைத்த விடி-டி என்ற பெயரிலும் அதே வாசனை. ஆகவே விர்ச்சுவல் மெஷின் இல்லாதவனுக்கு இது வேண்டாத பாரம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தவறு. விர்ச்சுவல் மெஷின் என்பது அதன் பயன்களில் ஒன்று, அவ்வளவுதான். அது செய்கிற முக்கிய வேலை: சாதனம் கேட்கும் முகவரியை உண்மையான நினைவக முகவரியாக மொழிபெயர்த்து, ஒரு சாதனம் நினைவகத்தில் எந்த முகவரியைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தீர்மானிப்பது. கேட்பது விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்த கார்டா, உங்கள் மேசையில் இருக்கும் டாக்கா என்று அது பார்ப்பதில்லை. ஏஎம்டியில் இதற்கு ஏஎம்டி-விஐ என்று பெயர், ஆர்ம் பக்கம் எஸ்எம்எம்யூ. எந்தப் பெயரில் இருந்தாலும் வேலை இதுதான்.

"சிபியுவில்தான் எம்எம்யூ இருக்கிறதே, ஒரு புராசஸ் இன்னொன்றின் நினைவகத்தைத் தொட முடியாதே" என்று அடுத்த கேள்வி வரும். அந்த எம்எம்யூ, அதாவது சிபியுவின் நினைவகக் காவல், சிபியுவில் ஓடும் நிரல்களுக்கு மட்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டுகள் கணினியோடு இணையும் அதிவேகப் பாதை) சாதனம் டிஎம்ஏ செய்யும்போது, அதாவது நினைவகத்தை நேரடியாகப் படித்து எழுதும்போது, அந்த எம்எம்யூ வழியாகப் போவதே இல்லை. ஐஓஎம்எம்யூ இல்லையென்றால், அந்தச் சாதனம் எந்த இயற்பியல் முகவரியைக் கேட்டாலும் கிடைக்கும். கெர்னலின் பேஜ் டேபிள், வட்டைப் பூட்டி வைத்திருக்கும் என்கிரிப்ஷன் சாவி, திரையைப் பூட்டியிருக்கும் நிரலின் நினைவகம், எல்லாமே. படிக்கலாம், எழுதவும் செய்யலாம். கடவுச்சொல் யாரும் கேட்க மாட்டார்கள்.

கணினிக்குள்ளே ஸ்குரூ போட்டு முடுக்கிய கார்டு என்றால், சரி, அதை நம்பித்தான் வாங்கியிருக்கிறோம் என்று விட்டுவிடலாம். ஹாட்பிளக், அதாவது கணினி ஓடும்போதே செருகிக் கழற்றுவது, அப்படியல்ல. மேசையில் கணினியை விட்டுவிட்டு எழுந்து போன நேரத்தில் யாரும் செருகலாம், கூட்ட அறையில் கிடக்கும் யாருடையதோ ஒரு டாக்கில் நீங்களே கொண்டுபோய் இணைக்கலாம். இது கற்பனைப் பயமும் இல்லை. 2004லேயே ஃபயர்வயர் போர்ட் வழியாக, ஒரு ஐபாடைக் கொண்டு, இன்னொரு கணினியின் நினைவகத்தைப் படித்தும் எழுதியும் காட்டிவிட்டார்கள். இப்படி டிஎம்ஏ வழியாக நினைவகத்தைப் படிக்கும் பிசிஐலீச் போன்ற கருவிகள் இன்று யாருக்கும் கிடைக்கின்றன.

போர்ட்டின் வடிவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். டைப்-சி என்றதும் யூஎஸ்பிதானே என்று நினைத்துக்கொள்கிறோம். வெறும் யூஎஸ்பி பென்டிரைவால் உங்கள் நினைவகத்தை நேரடியாகத் தொட முடியாது, டிஎம்ஏ செய்வது கணினிக்குள் இருக்கும் யூஎஸ்பி கன்ட்ரோலர்தான். தண்டர்போல்டும், பிசிஐ வசதியோடு வரும் யூஎஸ்பி 4-உம் அப்படியில்லை, அதே போர்ட் வழியாகப் பிசிஐ எக்ஸ்பிரஸ்ஸையே உள்ளே கொண்டுவருகின்றன. எஸ்டி எக்ஸ்பிரஸ் மெமரி கார்டும் பிசிஐ சாதனம்தான், கேமராவிலிருந்து கழற்றிப் போடுகிற அந்தச் சின்னக் கார்டு.

இப்போது அந்தப் பிழை வரிக்கு வருவோம். டிஎம்ஏஆர் ஃபால்ட் என்று வந்தால் என்ன அர்த்தம்? இந்த எண்ணுள்ள சாதனம், தனக்கு அனுமதி தரப்படாத இந்த முகவரியைத் தொட முயன்றது, நான் தடுத்துவிட்டேன் என்று ஐஓஎம்எம்யூ சொல்கிறது. அதாவது அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அதை அணைப்பது, நாய் குரைக்கிறதே என்று நாயைத் துரத்திவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போவது போலத்தான்.

பெரும்பாலும் குற்றவாளி டிரைவர். கெர்னலின் டிஎம்ஏ ஏபிஐ மூலம் முகவரியை மேப் செய்யாமல் (அதாவது இந்த இடத்தைத் தொடலாம் என்று ஐஓஎம்எம்யூவில் பதிவு செய்யாமல்), இயற்பியல் முகவரியை அப்படியே சாதனத்திடம் தூக்கிக் கொடுத்திருப்பார்கள். இந்த வகை, ஐஓஎம்எம்யூவை அணைத்ததும் நிஜமாகவே "சரியாகி"விடும், அதனால்தான் அந்த மருந்துக்கு இவ்வளவு புகழ். இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் மோசம். டிரைவர் பஃபரை (தரவு வைக்கும் நினைவக இடம்) அன்மேப் செய்து நினைவகத்தைக் கெர்னலிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது, சாதனமோ இன்னும் அதில் எழுதிக்கொண்டிருக்கிறது. ஐஓஎம்எம்யூ இருந்தால் பிழை வரி வரும். அணைத்துவிட்டால் வரி வராது, எழுத்து மட்டும் போய் விழும், அந்த நினைவகப் பக்கம் (பேஜ்) இப்போது யாருக்குச் சொந்தமோ அவர் தலையில். ரெண்டு வாரம் கழித்து ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போய்விட்டது என்று வேறொரு பிழை அறிக்கை வரும், அதற்கும் டாக்குக்கும் தொடர்பிருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. மூன்றாவதாக, சாதனமே தன் அடையாள எண்ணைத் தப்பாகச் சொல்வதும் உண்டு. சில சாட்டா கன்ட்ரோலர்கள் வேறொரு ஃபங்ஷன் எண்ணில் டிஎம்ஏ கேட்கும், அவற்றுக்கென்றே லினக்ஸ் கெர்னலில் தனிக் குவிர்க் (ஒரு சாதனத்தின் குறையைச் சமாளிக்கும் விதிவிலக்கு) எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் சாதனமும் அப்படிப்பட்டது என்றால் ஒரு குவிர்க் சேர்த்தால் போதும், மொத்தக் காவலையும் எடுக்க வேண்டியதில்லை.

ஹாட்பிளக்குக்காகக் கெர்னல் எவ்வளவு செய்கிறது என்று தெரிந்தால் அணைக்கக் கை வராது. வெளியே தெரியும் போர்ட் எது என்று பயாஸ் போன்ற ஃபர்ம்வேர், வன்பொருள் விவரங்களை இயங்குதளத்துக்குச் சொல்லும் ஏசிபிஐ வழியாகக் குறித்துக் கொடுக்கும். அதன் பின்னால் வரும் எல்லாச் சாதனங்களையும் லினக்ஸ் நம்பத்தகாதவை என்று முத்திரை குத்திவிடும். 2019 மார்ச்சில் வந்த 5.0 பதிப்பிலிருந்து இது இருக்கிறது, விண்டோஸில் கெர்னல் டிஎம்ஏ புரொடெக்ஷன் என்ற பெயரில் 2018இல் வந்த 1803 பதிப்பிலிருந்து. லினக்ஸில் முத்திரை விழுந்த சாதனத்துக்குப் பாஸ்த்ரூ (ஐஓஎம்எம்யூவின் தடையில்லாமல் நினைவகத்தைத் தொட விடும்) சலுகை கிடையாது, நீங்கள் பூட் வரியில் கேட்டிருந்தாலும் கிடையாது. சாதாரணச் சாதனங்களுக்கு, அன்மேப் செய்த முகவரிகளை ஐஓஎம்எம்யூவின் கேஷிலிருந்து நீக்குவதைச் சேர்த்து வைத்துச் சோம்பேறித்தனமாகச் செய்ய அனுமதி உண்டு, வேகத்துக்காக. அந்தச் சில மில்லி விநாடிகள் பழைய முகவரி திறந்தே இருக்கும். நம்பத்தகாததற்கு அந்த இடைவெளியும் இல்லை, உடனுக்குடன் நீக்கம்.

இன்னொரு விஷயம், இது எனக்குப் பிடித்தமானது. ஐஓஎம்எம்யூவால் பக்கம் பக்கமாகத்தான் அனுமதி தர முடியும், மிகச் சிறிய பக்கம் வழக்கமாக 4096 பைட். நெட்வொர்க் பாக்கெட் 1500 பைட் என்றால் மிச்ச இடத்தில் கெர்னலின் வேறு ஏதாவது இருக்கும், சாதனம் அதையும் பார்க்கலாம். ஆகவே நம்பத்தகாத சாதனத்துக்கு, பக்கத்தை முழுதாக நிரப்பாத பஃபர் என்றால், கெர்னல் தனியாக ஒரு பக்கம் எடுத்து அதில் தரவை நகலெடுத்துக் கொடுக்கிறது. மெதுவாகத்தான் இருக்கும், தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள்.

இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. 2019இல் தண்டர்கிளாப் ஆய்வு வெளியானது. ஐஓஎம்எம்யூ ஓடிக்கொண்டிருக்கும்போதே, நெட்வொர்க் கார்டு போல நடிக்கும் ஒரு சாதனத்தால் எவ்வளவு தூரம் உள்ளே போக முடியும் என்று அதில் காட்டினார்கள். லினக்ஸில் அப்போது ஏடிஎஸ் என்ற வசதி, கேட்ட சாதனத்துக்கெல்லாம் திறந்துவிடப்பட்டிருந்தது. "இந்த முகவரியை ஏற்கனவே மொழிபெயர்த்தாயிற்று" என்று சாதனம் சொன்னால் ஐஓஎம்எம்யூ நம்பி வழிவிட்டுவிடும். இப்போது வெளிச் சாதனங்களுக்கு அதைத் தருவதில்லை. 2020இல் தண்டர்ஸ்பை வந்து, "நான் அனுமதித்த டாக் மட்டும்தான் இணையும்" என்ற நம்பிக்கையையும் உடைத்தது, அனுமதி பெற்ற சாதனத்தின் அடையாளத்தையே நகலெடுக்க முடிந்தது. அப்படி நகலெடுத்த சாதனம் உள்ளே வந்துவிட்ட பிறகு அதைக் கட்டிப்போட ஐஓஎம்எம்யூவை விட்டால் வேறு ஆளில்லை.

கழற்றும்போதும் வேலை இருக்கிறது, இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஐஓஎம்எம்யூ சாதனத்தை அடையாளம் காண்பது பஸ், டிவைஸ், ஃபங்ஷன் எண்களை வைத்து. ஒரு டாக்கைப் பிடுங்கிவிட்டு அதே போர்ட்டில் இன்னொன்றைச் செருகினால், அதே எண் புதியதற்கும் கிடைக்கலாம். பழைய மேப்பிங்குகளைத் துடைக்காமல் விட்டால் வந்தவனுக்குப் போனவனின் அனுமதியெல்லாம் கிடைத்துவிடும்.

செயல்திறன் குறைகிறது என்பவர்களுக்கு: அளந்து பார்த்தீர்களா? அதிவேக நெட்வொர்க் கார்டுகளில் வித்தியாசம் இருக்கும், மறுக்கவில்லை. அதற்கு உள்ளே நிரந்தரமாக இருக்கும் சாதனங்களுக்கு மட்டும் பாஸ்த்ரூ கொடுங்கள், ஐஓஎம்எம்யூவை முழுதாக ஆஃப் செய்யாதீர்கள். ரெண்டும் ஒன்றல்ல. இன்டெல் கணினியில் வெளிப் போர்ட் இருந்து, ஃபர்ம்வேரும் பாதுகாப்பைக் கேட்டிருந்தால், கெர்னல் தானாகவே ஐஓஎம்எம்யூவை இயக்கிவிடும். ஆனால் நீங்கள் கைப்பட ஆஃப் என்று எழுதினால் அது உங்கள் பேச்சைத்தான் கேட்கும், வாதாடாது.

பாஸ்த்ரூ கொடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள், உங்கள் ஃபர்ம்வேர் வெளிப் போர்ட்டைக் குறித்திருக்கிறதா என்று. குறிக்காவிட்டால் முத்திரை விழாது, வெளியிலிருந்து வருவதற்கும் அதே சலுகை போய்விடும். லினக்ஸில் சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தகவல்களைக் காட்டும் /sys அடைவு) தண்டர்போல்ட் டொமைனின் கீழ் டிஎம்ஏ பாதுகாப்புக்கென்று ஒரு ஃபைல் இருக்கும், 1 என்றால் உண்டு, 0 என்றால் இல்லை. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் ஒரு வரியாகவே இருக்கும். 0 என்று வந்தால் முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள். அப்போதும் வராவிட்டால் பயாஸிலேயே தண்டர்போல்ட் வழியாக வரும் பிசிஐயை மூடிவிடுங்கள், திரையும் யூஎஸ்பியும் வேலை செய்யும், பெரும்பாலோருக்கு அதுவே போதும். பூட் ஆகும் நேரத்துக்கான டிஎம்ஏ பாதுகாப்பு என்று பயாஸில் தனியாக ஒன்று இருந்தால் அதையும் இயக்குங்கள், கெர்னல் வருவதற்கு முன்னாலும் நினைவகம் இருக்கிறது.

டிரைவர் எழுதுகிறவர்களே, உங்களைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். இயற்பியல் முகவரியை நேரடியாகக் கொடுக்காதீர்கள். மேப் செய்தபின் பிழை வந்ததா என்று பாருங்கள், நம்மில் பாதிப் பேர் பார்ப்பதில்லை. சாதனத்தை நிறுத்திவிட்டு அப்புறம் அன்மேப் செய்யுங்கள், வரிசையை மாற்றாதீர்கள். வயரைப் பிடுங்கியபின் ரெஜிஸ்டரைப் படித்தால் எல்லா பிட்டும் 1 ஆகத்தான் வரும், அதை நீளம் என்றோ இன்டெக்ஸ் என்றோ எடுத்துக்கொண்டு லூப் ஓட்டாதீர்கள். சாதனமும் நீங்களும் பகிரும் டிஸ்கிரிப்டரில் உள்ள மதிப்பை ஒருமுறை நகலெடுத்து, சரிபார்த்து, அந்த நகலையே பயன்படுத்துங்கள், ரெண்டாவது முறை படிக்கும்போது அது மாறியிருக்கலாம். அதன் பக்கத்திலேயே ஃபங்ஷன் பாயின்டரை வைப்பவர்களை என்ன சொல்வதென்றே தெரியவில்லை. டிஎம்ஏ ஏபிஐ டீபக் என்ற கெர்னல் ஆப்ஷனை இயக்கி ஒரு நாள் ஓட்டினாலே இதில் நிறைய வெளிவந்துவிடும், கையில் டாக்கை வைத்துக்கொண்டு செருகிச் செருகிப் பிடுங்குங்கள், டிராஃபிக் ஓடும்போதே.

பயன்படுத்துகிறவர்களுக்கு: ஃபால்ட் வரி வந்தால் ஆஃப் செய்யாமல் அந்த டிரைவரைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புங்கள். வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள், பூட்டிலிருந்து வரும் முழு லாகும் வேண்டும், கெர்னல் பதிப்பு, ஃபர்ம்வேர் பதிப்பு, பிசிஐ சாதனப் பட்டியல், செருகியதும் வந்ததா பிடுங்கியதும் வந்ததா என்ற ஒரு வரி. எந்தச் சாதனம், எந்த முகவரி, படிக்க முயன்றதா எழுத முயன்றதா என்பதெல்லாம் அந்த ஃபால்ட் வரியிலேயே இருக்கிறது. இமேஜில் ஏற்கனவே ஆஃப் போட்டு வைத்திருப்பவர்கள் முதலில் அதை எடுத்துவிட்டு, எந்த டாக்குக்காகப் போட்டீர்களோ அதைச் செருகிப் பாருங்கள், அந்த டிரைவர் எப்போதோ சரிசெய்யப்பட்டிருக்கவும் கூடும்.