மாத்திரை வேலை செய்கிறதா? வகுப்பறையைக் கேளுங்கள்

சர்க்கரை நோய்க்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ரத்த அழுத்தத்தைப் பார்க்கக் கருவி இருக்கிறது. ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறுக்குத் தரும் மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அப்படி எதுவும் கிடையாது. அளவைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று முடிவெடுக்க மருத்துவர் நம்பியிருப்பது, குழந்தையைத் தினமும் பார்ப்பவர்கள் சொல்வதைத்தான். இதில் பெற்றோருக்கு ஒரு சிக்கல். மருந்து நன்றாக வேலை செய்கிற நேரத்தில் குழந்தை பெரும்பாலும் அவர்கள் கண்ணெதிரே இருப்பதே இல்லை.

அதிகம் பயன்படும் மருந்தான மெத்தில்ஃபெனிடேட்டையே எடுத்துக்கொள்வோம். மூளையின் நரம்புச் செல்கள் செய்தி கடத்த வெளியிடும் ரசாயனங்களான டோபமைன், நார்அட்ரினலின் இரண்டையும் அந்தச் செல்களே உடனுக்குடன் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த மருந்து அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. சாதாரண மாத்திரை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பித்து, ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மெதுவாக வெளியாகும் வகைகள் 8 முதல் 12 மணி நேரம் வரை தாங்கும். காலை 7:30க்குச் சாதாரண மாத்திரை போட்ட பிள்ளைக்கு 11:30 வாக்கில் பலன் இறங்கத் தொடங்கும். சில குழந்தைகளுக்கு மருந்து இறங்கும் வேளையில் எரிச்சலும் அழுகையும் கூடும். மெதுவாக வெளியாகும் வகையானால் அந்த வேளை சாயங்காலம்; அம்மா பார்ப்பது அதைத்தான். "மருந்து ஆரம்பித்ததிலிருந்து இன்னும் மோசம்" என்கிறார் அவர். "இப்போதெல்லாம் பாடத்தைக் கவனிக்கிறான்" என்கிறார் ஆசிரியர். இரண்டுமே உண்மைதான்.

இது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றே. குழந்தைகளின் நடத்தையைப் பற்றிய 119 ஆய்வுகளைத் தொகுத்து 1987இல் ஒரு கட்டுரை வந்தது. பெற்றோர், ஆசிரியர் போல வெவ்வேறு இடங்களில் குழந்தையைப் பார்ப்பவர்களின் மதிப்பீடுகளுக்கு இடையே இருந்த ஒட்டுறவு சராசரியாக 0.28தான். முழு ஒற்றுமை என்றால் அது 1 ஆக இருக்கும். ஆகவே வீட்டுத் தகவலை மட்டும் வைத்துப் பள்ளியில் நடப்பதை ஊகிப்பது அநேகமாகக் குருட்டாம்போக்குதான்.

ஆசிரியரின் தகவல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எம்டிஏ என்ற பெரிய ஆய்வைச் சொல்லலாம். 7 முதல் 9 வயதுக்குட்பட்ட 579 குழந்தைகள், 14 மாதச் சிகிச்சை; முடிவுகள் 1999இல் வெளியாயின. ஒரு குழுவுக்கு ஆய்வுக் குழுவே மருந்தை நிர்வகித்தது. இன்னொரு குழு வழக்கமான மருத்துவர்களிடம் போனது. அந்தக் குழுவிலும் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் ஏடிஎச்டி மருந்து சாப்பிட்டார்கள். இருந்தும் முதல் குழுவே தெளிவாக முன்னேறியிருந்தது. அங்கே முதல் 28 நாட்கள் அளவை மாற்றி மாற்றிக் கொடுத்து, எந்த நாளில் எந்த அளவு என்று தெரியாத பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தினமும் மதிப்பெண் வாங்கினார்கள். அதன் பிறகும் மாதாமாதம் மருத்துவர் பார்த்தார், ஆசிரியர் சொன்னதையும் சேர்த்துத்தான் அளவை முடிவு செய்தார். முதல் குழுவுக்கு மருந்தின் அளவும் கூடுதல், வேளைகளும் கூடுதல் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த அளவுக்கு அவர்கள் துணிந்து போனதே தகவல் வந்துகொண்டிருந்ததால்தான் என்பது என் எண்ணம்.

சரி, ஆசிரியரிடம் என்ன கேட்பது? "எப்படி இருக்கிறான்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற பதில்தான் வரும். அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் வாண்டர்பில்ட், கானர்ஸ் போன்ற மதிப்பீட்டுப் படிவங்கள் இருக்கின்றன. வாண்டர்பில்ட் படிவத்தில் ஒவ்வொரு அறிகுறிக்கும் "ஒருபோதும் இல்லை" என்றால் 0, "மிக அடிக்கடி" என்றால் 3. நிரப்பச் சில நிமிடங்கள்தான் ஆகும். படிவத்தோடு ஆசிரியர் ஒரு வரி எழுதினால் இன்னும் நல்லது, ஆனால் எழுதும் விதம் முக்கியம். "கவனமே இல்லை" என்பது புகார். "10 கணக்கில் 4 போட்டான், மூன்று முறை எழுந்து போனான், 11:45க்குப் பிறகு எதுவும் எழுதவில்லை" என்பது தகவல். அந்த 11:45 ஒன்றே போதும், மருந்து சீக்கிரம் இறங்குகிறது என்று மருத்துவருக்குப் புரிந்துவிடும். பல ஆசிரியர்கள் பாடம் எடுக்கும் வகுப்பானால், காலையில் பார்ப்பவர் ஒருவர், மதியத்துக்குப் பிறகு பார்ப்பவர் ஒருவர் என இருவரிடமாவது கேட்பது நல்லது.

மருந்து தொடங்குவதற்கு முன்பே படிவத்தை நிரப்பி வாங்க வேண்டும், முடிந்தால் இரண்டு முறை. காரணம் புள்ளியியல் சார்ந்தது. பெரும்பாலும் நிலைமை உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரைத் தேடிப் போகிறோம். உச்சத்தில் எடுத்த மதிப்பெண், எந்தச் சிகிச்சையும் இல்லாமலேயே அடுத்த முறை கொஞ்சம் இறங்கிவிடும். ஒரே ஒரு முன் அளவீட்டை வைத்திருந்தால் அந்த இறக்கத்தையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

ஆசிரியரின் கண்ணும் பிசகாதது அல்ல. குழந்தைகளை நடிக்கவைத்து எடுத்த வீடியோக்களை ஆசிரியர்களுக்குக் காட்டிச் சோதித்திருக்கிறார்கள். எதிர்த்துப் பேசி முரண்டு பிடித்த குழந்தைக்குக் கவனக்குறைவும் துறுதுறுப்பும் இருப்பதாகவே பலர் மதிப்பெண் போட்டார்கள். கோபமூட்டும் பிள்ளையிடம் எல்லாக் குறையும் தெரிவது மனித இயல்பு. எண்ணக்கூடியதைக் கேட்டால் இந்தச் சாய்வு குறையும். "இன்று முதல் புது டோஸ்" என்று முன்கூட்டிச் சொல்லாமல் இருந்தாலும் குறையும். இதற்கு ஆசிரியரின் சம்மதத்தை ஆரம்பத்திலேயே வாங்கிவிடலாம்.

பக்கவிளைவுகளில் சிலவும் பள்ளியில்தான் முதலில் தெரியும். மதியச் சாப்பாடு தொடாமல் திரும்பி வருவது, தலைவலி, வயிற்றுவலி, கண்ணோ கழுத்தோ வெட்டி இழுப்பது. இவற்றைவிட எளிதில் தவறவிடுவது ஒன்று உண்டு: எப்போதும் வாயாடும் பிள்ளை உயிர்ப்பில்லாமல் அமைதியாகிவிடுவது. வகுப்புக்கு அது நிம்மதியாக இருக்கலாம், மருத்துவருக்கோ அளவு அதிகமாகிவிட்டதோ என்று யோசிக்க வேண்டிய அறிகுறி.

சிகிச்சை மருந்து மட்டும் அல்ல. தினசரி நடத்தை அட்டை என்று ஒன்று உண்டு. மூன்று நான்கு இலக்குகள் போதும்: கையை உயர்த்திவிட்டுப் பேசுவது, சொன்ன வேலையைத் தொடங்குவது, இப்படி. ஆசிரியர் குறித்து அனுப்புவார், வீட்டில் சின்னப் பரிசு. அட்டையே சிகிச்சை, அட்டையே பதிவேடு. இலக்குகளைக் குழந்தை முதல் வாரத்தில் பெரும்பாலும் எட்டும்படி வைக்க வேண்டும்; தினமும் தோற்கும் அட்டையை எந்தப் பிள்ளையும் வழியிலேயே தொலைத்துவிடும். அப்புறம், எல்லார் முன்னாலும் "இன்னைக்கு மாத்திரை போட்டியா?" என்று கேட்கக் கூடாது. இதை ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

எப்போது கேட்பது என்பது மருந்தைப் பொறுத்தது. மெத்தில்ஃபெனிடேட்டில் அளவை மாற்றிய சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும், வாரம் ஒரு படிவம் வாங்கலாம். அட்டாமாக்ஸெட்டின் என்ற இன்னொரு ஏடிஎச்டி மருந்து முழுப் பலன் தர நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகும், முதல் வாரப் படிவத்தைப் பார்த்து மனம் தளரக் கூடாது. அளவு நிலைத்த பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம். புது வகுப்பு, புது ஆசிரியர் என்றால் அவர் பிள்ளையைப் பழகிக்கொள்ளச் சில வாரம் விட்டு, புதிதாக ஒரு தொடக்க அளவீடு எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒருவர் போடும் 2 இன்னொருவர் போடும் 2 அல்ல. மருந்து இன்னும் தேவையா என்று வருடத்துக்கு ஒருமுறையாவது மருத்துவர் மறுபரிசீலனை செய்வார், சில நாள் நிறுத்தியும் பார்க்கச் சொல்லலாம். அதைத் தேர்வு வாரத்தில் வைத்துக்கொள்ளாமல் சாதாரணப் பள்ளி நாட்களில் வைத்தால்தான் ஆசிரியரின் படிவத்தைப் பழையதோடு ஒப்பிட முடியும்.