பெயர் பொருந்தினால் முப்பாட்டன் ஆகிவிடுவாரா?

கடந்த மாதம் பெங்களூரு அல்சூரிலிருந்து வந்த ஒரு பெரியவர், சுருட்டி வைத்திருந்த வம்சப் படத்தை என் மேசையில் விரித்தார். ஆறு தலைமுறைகள் கொண்ட அந்தப் படத்தின் உச்சியில் இருந்த முனிசாமி, வட ஆர்க்காடு ஜில்லாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர். டர்பனில் உள்ள அவருடைய வழிவந்தோரோடு பெரியவர் ஓராண்டாகப் பங்காளி முறை கொண்டாடி வருகிறார். கப்பல் பட்டியலில் குறித்துள்ள வயதைக் கணக்கிட்டால், பெரியவருடைய தாத்தா பிறந்தபோது அவருக்குத் தகப்பனாகக் காட்டப்படும் இந்த முனிசாமிக்கு வயது ஏழு. பழைய ஆவணங்களைப் படித்துக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட என்னிடம் இந்த ஆண்டில் இப்படி வந்த நான்காவது படம் இது.

வம்சம் தேட உதவும் இணையதளங்கள் பெரும்பாலும் குடும்பப் பெயர் உள்ளவர்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. நம்மில் பெரும்பாலோருக்கு அது கிடையாது; தகப்பன் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். குடும்பப் பெயருக்கான கட்டத்தில் தகப்பன் பெயரை நிரப்பினால், அந்தப் பெயருள்ள அந்நியர் அத்தனை பேரையும் தளம் உறவாகக் காட்டத்தான் செய்யும். போதாக்குறைக்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பெயரன்தானே பேரன் ஆனான்? முனிசாமி மகன் ராமசாமி, ராமசாமி மகன் முனிசாமி என்று மாறி மாறி வரும் குடும்பத்தில், ஐம்பது ஆண்டு இடைவெளியில் பிறந்த இருவரை ஒருவராக்கிவிடுவது மிக எளிது. கடல் கடந்த இடங்களில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராக இறுகியும்விட்டது: டர்பனின் ‘மூன்சாமி’ குடும்பங்கள் எல்லாம் ஒரே முனிசாமியின் பிள்ளைகள் அல்லர்.

ஊர்ப் பெயரிலும் இதே அவசரம்தான். அன்றைய வட ஆர்க்காடு இன்றைய வேலூர் அல்ல. அதன் ஒரு பகுதி 1911-இல் சித்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. ஜில்லாவோடு நிற்காமல் தாலுகாவையும் கிராமத்தையும் பாருங்கள்.

1860 முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 பேரின் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் எனத் தனித்தனிப் பத்திகள் உண்டு. ஒன்று மட்டும் பொருந்தினால் அது தடயம், அவ்வளவே. மொரீஷியசுக்குப் போனவர்களின் ஒப்பந்தப் பதிவுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணி வழியாக மலாயாவுக்கோ இலங்கைக்கோ போனவர்களுக்கு இப்படி ஆள்வாரியான ஒப்பந்தப் பதிவு கிடையாது என்பதால், அதைத் தேடிச் சந்தா கட்டாதீர்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களைப் புரட்டலாம். உலகப் போர்களில் இறந்த சிப்பாய்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். சிலருக்குத் தகப்பன் பெயரும் ஊரும் கூட இருக்கும். நம் பெங்களூரு கண்டோன்மென்ட் பகுதி 1947 வரை நேரடி ஆங்கில நிர்வாகத்தில் இருந்ததால், அதைப் பற்றிய ரெசிடென்சி (ஆங்கில அரசின் பிரதிநிதி அலுவலகம்) கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் தேட வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவுத்துறைத் தளத்தின் வில்லங்க விவரம் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தையது; அதற்கு முன்னால் போக வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தின் படியேறித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று: இணையத்தில் நீங்களே வரைந்த படம், இங்கே கர்நாடகத்தில் வருவாய்த்துறையின் ‘நாடகச்சேரி’ அலுவலகம் வழியாகப் பெறும் வம்ச விருட்சச் சான்று ஆகாது. சொத்து விவகாரத்தில் அதை நீட்டி என்னைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

வம்சம் தேடும் குழுக்களில் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் ஆதார் படத்தையும் எதற்காகப் போடுகிறீர்கள்? கிராமம், தாலுகா, தோராயமான ஆண்டு, குலதெய்வம் ஆகியவை போதும். சாதிப் பத்தியில் இருப்பது அன்றைய குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதியது. அதை வைத்து அங்கே சண்டை வேண்டாம்.

கணினியைத் திறக்கும் முன் தயவுசெய்து வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெரியவருடைய தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். தகப்பன் பெயரும் ஊரும் குறித்த அவருடைய டிஸ்சார்ஜ் தாள், ஃப்ரேசர் டவுனில் இருக்கும் அக்காவின் பெட்டியில் இத்தனை காலமும் மடித்துக் கிடந்தது. அதில் இருந்த தகப்பன் பெயர் கோவிந்தன். டர்பன்காரர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று பெரியவர் கேட்டார். அவர்களுடைய முனிசாமிக்குத் தாலுகாப் பத்தியில் குடியாத்தம் என்று தெளிவாக எழுதியிருப்பதை முதலில் சொல்லுங்கள், அது அவர்களுக்கு இன்னும் தெரியாது என்றேன்.