குட்டையோரம் செத்துக் கிடக்கும் மான்

நவம்பர் பிறந்தால் மொரீசியஸின் பிளாக் ரிவர் பக்கமிருந்து எனக்குப் போன் வரும். "டாக்டர், குட்டைக்கிட்ட ஒரு மான் செத்துக் கிடக்குது. தாகத்துல போயிருக்கும்" என்பார் வேட்டைக்காட்டுக் காவல்காரர். தண்ணீர் கிடக்கும் குட்டையின் கரையில் தாகத்தால் எப்படிச் சாகும்?

1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கப்பலேற்றி வந்த மான்களின் வாரிசுகள் இவை. மொரீசியஸின் மேற்குப் பக்கம் இந்த மாதங்களில் காய்ந்து கிடக்கும். குட்டை சுருங்கச் சுருங்க, சாணி கலந்த சேறு வெளியே தெரியும். கியூலிக்காய்டஸ் என்ற பொடி ஈ பெருகுவது அந்தச் சேற்றில்தான். 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். வேறு தண்ணீர் இல்லாததால் மான்களும் அங்கேயே கூடும். அப்புறம் கேட்பானேன்!

அந்த ஈ கடித்துப் பரப்புவது இ.எச்.டி. எனப்படும் இரத்தக்கசிவு நோய். தமிழ்நாட்டில் செம்மறி வளர்ப்பவர்கள் அறிந்த நீலநாக்கு நோய்க்குப் பங்காளி. 1955இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் வெள்ளைவால் மான்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோதுதான் இதை அடையாளம் கண்டார்கள். கடும் காய்ச்சல், வீங்கிய நாக்கு, வாயில் நுரை. உடம்புச் சூடு தாங்காமல் தண்ணீரைத் தேடிப் போய் அங்கேயே விழும். நோய் கடுமையாகத் தாக்கினால் அறிகுறி தெரிந்து 8 முதல் 36 மணி நேரத்தில் உயிர் போய்விடும். மருந்து கிடையாது.

அதற்காக நம் ஊரில் குட்டையோரம் விழும் ஒவ்வொரு மானையும் இதன் கணக்கில் எழுத நான் தயாரில்லை. 2007இல் இங்கே மான்களின் இரத்தத்தைச் சோதித்தபோது நீலநாக்கு, இ.எச்.டி. இரண்டுக்கும் எதிர்ப்பொருள் இருந்தது, அதாவது இரண்டு கிருமியும் முன்பே உடம்புக்குள் வந்துபோயிருக்கின்றன. மான்களோ நன்றாகத்தான் இருந்தன. உறைபனி விழும் நாட்டில் குளிர் வந்தால் ஈ ஒழியும். அடுத்து நோய் வரும்போது பழக்கமில்லாத மான்கள் மடியும். நமக்கு உறைபனி ஏது? குட்டியிலிருந்தே கடிபட்டுப் பழகிவிடுகின்றன என்பது என் கணிப்பு. செம்மறியிலிருந்து தொற்றும் வேறொரு காய்ச்சலும் மானைக் கொல்லும். வெறும் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

ஒருமுறை தகவல் கிடைத்து மறுநாள் மத்தியானம்தான் போனேன். வெயிலில் மண்ணீரல் கூழாகியிருந்தது. சோதனைக்கு எதுவும் தேறவில்லை. தப்பு என்னுடையதுதான். பார்த்த அன்றே சொல்லுங்கள், அன்றே வருகிறேன்.

எனக்கு மாடுகளைப் பற்றித்தான் அதிகக் கவலை. பக்கத்துத் தீவான ரீயூனியனில் 2003இலும் 2009இலும் இ.எச்.டி. வந்தது மாடுகளுக்கு. குட்டையருகே மாடு கட்டுபவர்கள் பொழுது சாய்வதற்குள் தொழுவத்துக்கு ஓட்டிவிடுங்கள். அந்தி நேரத்தில்தான் அந்த ஈ அதிகம் கடிக்கும். சாதாரணக் கொசுவலை போதாது, அதன் கண்ணுக்குள் இது சுலபமாக நுழையும்.

மனிதருக்கு இது தொற்றாது. ஆனாலும் செத்துக் கிடந்த மானைக் கறிக்கு எடுக்காதீர்கள். "கொஞ்சம் ஃபிரெஷ்ஷாதான் இருக்கு டாக்டர்" என்று போன வருஷமும் ஒருவர் கேட்டார்.