உயர் நீதிமன்ற நீதிபதி மீது புகார்: யாருக்கு எழுதுவது, எழுதினால் என்ன ஆகும்

தீர்ப்பு நமக்கு எதிராக வந்துவிட்டது, நீதிபதி மேல் புகார் போடலாமா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்தான் அதிகம். போடலாம், ஆனால் அது கோப்போடு நின்றுவிடும். தீர்ப்பில் தவறு என்றால் வழி மேல்முறையீடுதான். சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ரிட் மனுவில் போட்ட உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் இரு நீதிபதிகள் அமர்வில் ரிட் அப்பீல் போடலாம். அமர்வின் உத்தரவை எதிர்த்து 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு. புகார் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் இந்தக் கெடு ஓடிப்போய்விடும். புகார் நிலுவையில் இருந்தது என்பதைத் தாமதத்துக்குக் காரணமாக எந்த அமர்வும் எளிதில் ஏற்காது.

நீதிபதியின் நடத்தையில் குறை என்றால் மட்டுமே புகார். எது நடத்தைக் குறை என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 1997 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் எல்லா நீதிபதிகளும் கூடி நிறைவேற்றிய 16 அம்ச நெறிமுறை அது. உயர் நீதிமன்றங்களும் அதை ஏற்றுக்கொண்டன. கட்சிக்காரர்களுக்கு உதவக்கூடிய அம்சங்கள் சிலவே. மனைவி, மகன், மகள், மருமகன், மருமகள் போன்ற நெருங்கிய உறவினர் வக்கீலாக இருந்தால், அவர்கள் அந்த நீதிபதி முன் ஆஜராகக் கூடாது. அவர் விசாரிக்கும் வழக்கில் எந்த வகையிலும் தொடர்புகொள்ளக் கூடாது. நீதிபதி குடியிருக்கும் வீட்டில் அவர்கள் வக்கீல் தொழில் நடத்தவும் கூடாது. உறவினரோ நண்பரோ சம்பந்தப்பட்ட வழக்கை நீதிபதி விசாரிக்கக் கூடாது. தான் பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் வழக்கு வந்தால், அதை வெளிப்படையாகச் சொல்லி, யாரும் ஆட்சேபிக்காவிட்டால்தான் விசாரிக்கலாம். குடும்பத்தார், நெருங்கிய உறவினர், நண்பர் தவிர வேறு யாரிடமும் பரிசோ விருந்தோம்பலோ பெறக் கூடாது. பங்குச் சந்தையில் ஊக வணிகம், தொழில், வியாபாரம், நிதி திரட்டல் எல்லாமே விலக்கு. அரசியல் விஷயங்களில் பொதுவெளியில் கருத்துச் சொல்வதும் அப்படித்தான்.

இந்த 16 அம்சங்களும் சட்டம் அல்ல. மீறினால் இன்ன தண்டனை என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நீதிபதிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு என்பதால், புகாரை எடுத்துப் பார்ப்பவரும் ஒரு நீதிபதியே. இதைப் புரிந்துகொள்ளாமல் எழுதப்படும் புகார்கள்தான் முதல் வாசிப்பிலேயே மூடப்படுகின்றன.

முதலில் செய்ய வேண்டியது

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, எதிர்த்தரப்பு வக்கீல் நீதிபதியின் நெருங்கிய உறவினர் என்று தெரிகிறது என்றால், புகாருக்கு முன்னால் விலகல் கோரிக்கை, அதாவது இந்த வழக்கை நீங்கள் விசாரிக்க வேண்டாம் என்று நீதிபதியைக் கேட்பது. தெரிந்த அடுத்த வாய்தாவிலேயே, திறந்த நீதிமன்றத்தில், உங்கள் வக்கீல் மூலம் அதே நீதிபதியிடம் கேட்க வேண்டும். தெரிந்தும் வாய்மூடி இருந்துவிட்டு, தோற்றபின் ‘பாரபட்சம்’ என்றால் எடுபடாது. ஆட்சேபிக்கும் உரிமையைக் கைவிட்டுவிட்டீர்கள் என்பார்கள்; மானக் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது.

புகார் போகும் பாதை

உயர் நீதிமன்ற நீதிபதி மீதான புகாரை அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதிக்கோ, இந்தியத் தலைமை நீதிபதிக்கோ, குடியரசுத் தலைவருக்கோ அனுப்பலாம். குடியரசுத் தலைவருக்கோ சட்ட அமைச்சகத்துக்கோ போவதும் கடைசியில் தலைமை நீதிபதி மேசைக்கே வருகிறது என்பதால், நேரடியாக எழுதுவதே நல்லது. மதுரைக் கிளை நீதிபதி மீதான புகாரும் சென்னைக்குத்தான்: தலைமை நீதிபதி, சென்னை உயர் நீதிமன்றம், சென்னை 600104. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் இரண்டு மூன்று பக்கத்தைத் தாண்ட வேண்டாம். வழக்கு எண், தேதி, கோர்ட் ஹால் எண், என்ன நடந்தது, 16 அம்சங்களில் எதை மீறியது, அதற்கு என்ன ஆதாரம். இவ்வளவு போதும். எடுத்துக்காட்டாக, உறவினர் விஷயம் என்றால் அந்த வக்கீலின் வக்காலத்து நகல், அவர் ஆஜரானதைக் காட்டும் தினசரி உத்தரவின் நகல், உறவுக்கான சான்று ஆகிய மூன்றையும் இணையுங்கள். ‘எதிர்த்தரப்பிடம் பணம் வாங்கிவிட்டார் என்று ஊரே பேசுகிறது’ என்று ஒரு வரி சேர்ந்தால், ஆதாரமுள்ள மற்ற வரிகளும் சேர்ந்து விழும். தீர்ப்பின் குறைகளை இதில் எழுதவே கூடாது. பெயர், முகவரி, கையெழுத்து இல்லாத மொட்டைக் கடிதம் வீண்.

அதன்பின் நடப்பது ‘இன்-ஹவுஸ்’ எனப்படும் உள் விசாரணை. 1999 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நடைமுறை இது; இதன் வாசகம் பொதுவெளிக்கு வரவே 2014 ஆயிற்று. புகார் அற்பமானது என்றாலோ தீர்ப்பைப் பற்றியது என்றாலோ தலைமை நீதிபதி அங்கேயே முடித்துவிடுவார். இல்லையென்றால் அந்த நீதிபதியிடம் விளக்கம் கேட்பார். மேலும் விசாரிக்க வேண்டும் என்று தோன்றினால், விளக்கத்தோடும் தன் கருத்தோடும் இந்தியத் தலைமை நீதிபதிக்கு அனுப்புவார். அவர் மூவர் குழு அமைக்கலாம்: வேறு உயர் நீதிமன்றங்களின் தலைமை நீதிபதிகள் இருவர், உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர். இது உண்மை அறியும் விசாரணை மட்டுமே. வக்கீல் கிடையாது, முறையான குறுக்கு விசாரணையும் கிடையாது.

குற்றச்சாட்டில் சாரம் இருந்தும் பதவி நீக்கும் அளவுக்கு இல்லை என்று குழு சொன்னால், நீதிபதிக்கு அறிவுரையோடு முடியும். பதவி நீக்கும் அளவுக்கு என்றால், ராஜினாமா செய்யவோ விருப்ப ஓய்வு பெறவோ சொல்வார்கள். மறுத்தால், அவருக்கு நீதிப்பணி ஒதுக்க வேண்டாம் என்று உயர் நீதிமன்றத்துக்குச் சொல்லிவிட்டு, குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் தெரிவிப்பார்கள். பணி ஒதுக்காவிட்டாலும் சம்பளமும் பதவியும் தொடரும். உள் விசாரணையின் எல்லை அதுதான்.

புகார்தாரருக்கு முடிவைத் தெரிவித்தாக வேண்டும் என்று இந்த நடைமுறையில் எங்கும் இல்லை. குழு அறிக்கை ரகசியமானது, கேட்டுப் பெற முடியாது என்று 2003-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால், இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான். குழுவின் முடிவு வேண்டாம், புகார் ஏற்கப்பட்டதா மூடப்பட்டதா என்ற ஒற்றை வரிப் பதிலையாவது கட்டாயமாக்கியிருக்கலாம்.

புகாரைப் பரப்பாதீர்கள்

மாவட்ட நீதிமன்றம், மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போன்ற கீழமை நீதிமன்ற நீதிபதி மீது நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்துக்குப் புகார் தருவது அவமதிப்பு ஆகாது என்று 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதி விஷயத்தில் இந்தப் பிரிவு பொருந்தாது. கடிதத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், பேட்டி கொடுப்பதும், ‘விலைபோன நீதிபதி’ என்று போஸ்டர் அடிப்பதும் அவமதிப்பு வழக்கில் கொண்டுபோய் விடலாம். ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உண்மையைச் சொன்னேன் என்ற வாதத்துக்கு இடமுண்டு. அது பொதுநலனுக்காகவும் நல்லெண்ணத்தோடும் சொல்லப்பட்டது என்று நீதிமன்றம் ஏற்க வேண்டும்.

எம்.எல்.ஏ.விடம் மனு கொடுப்பதிலும் பயனில்லை. நீதிபதியின் பணி நடத்தை பற்றிச் சட்டமன்றத்தில் பேசவே அரசியலமைப்பின் 211-ஆம் பிரிவு தடை போடுகிறது. நாடாளுமன்றத்தில் பதவி நீக்கத் தீர்மானம் வந்தால் மட்டும் பேசலாம்.

அந்தத் தீர்மானத்துக்கு மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்து வேண்டும். அவைத் தலைவர் ஏற்றால், 1968-ஆம் ஆண்டு நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி மூவர் குழு. அது குற்றம் நிரூபணம் என்றால், இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் தேவை. 1950 முதல் 2025 வரை இப்படி ஒருவரும் நீக்கப்படவில்லை. 1993-ல் மக்களவையில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீதான தீர்மானத்துக்கு ஆதரவாக 196 பேர் வாக்களித்தார்கள், எதிர்த்து ஒருவருமில்லை. ஆனால் 205 பேர் வாக்களிக்காமல் இருந்ததால் தோற்றது. கல்கத்தா நீதிபதி சௌமித்ரா சென் விஷயத்தில் 2011 ஆகஸ்டில் மாநிலங்களவை தீர்மானத்தை நிறைவேற்றியது. மக்களவை வாக்களிக்கும் முன் அவர் ராஜினாமா செய்துவிட்டார். வீட்டில் எரிந்த பணக்கட்டுகள் கிடந்ததாகப் புகாருக்கு ஆளான உயர் நீதிமன்ற நீதிபதி யஷ்வந்த் வர்மா விவகாரத்தில் உள் விசாரணைக்குச் சட்ட அடிப்படை உண்டு என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே மாதம் மக்களவைத் தலைவர் அமைத்த குழுவில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் ஒருவர்.

லஞ்சப் புகார் என்றால் போலீசுக்குப் போகலாமா? ஊழல் தடுப்புச் சட்டம் நீதிபதிகளுக்கும் பொருந்தும். சென்னையின் முன்னாள் தலைமை நீதிபதி கே. வீராசாமி வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. ஆனால் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ளாமல் வழக்குப் பதியக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எனவே காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். கேட்டு அலைவதில் பலனில்லை. உயர் நீதிமன்ற நீதிபதிகள் தன் வரம்புக்குள் வருவார்கள் என்று ஊழல் புகார்களை விசாரிக்கும் தேசிய அமைப்பான லோக்பால் 2025 ஜனவரியில் சொன்னது. அந்த உத்தரவுக்கு அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. லஞ்சம் என்றாலும் ஆதாரத்தோடு இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதுவதே கையில் இருக்கும் வழி.