வங்கி வாடகை கேட்டால் கேசினோ சிப் வாங்கி வைக்கலாமா?

வங்கியில் பணம் போட்டால் வட்டி வரும் என்றுதான் நமக்குத் தெரியும். சுவிட்சர்லாந்தில் 2015 ஜனவரியில் மத்திய வங்கி வட்டியை மைனஸ் 0.75 சதவீதத்துக்கு இறக்கியது, 2022 ஜூன் வரை அப்படியே வைத்திருந்தது. அதாவது தன்னிடம் பணம் வைத்த வங்கிகளுக்கு வட்டி தராமல், வாடகை மாதிரி அவர்களிடமே வசூலித்தது. சின்ன சேமிப்புக் கணக்குகளை வங்கிகள் பெரும்பாலும் தொடவில்லை, பெரிய தொகை வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள். 1 கோடி பிராங்க் கிடந்தால் வருஷத்துக்கு 75,000 பிராங்க் காலி.

சரி, ரொக்கமாக எடுத்துப் பூட்டி வைத்தால்? நோட்டு தூங்கினால் வட்டி வராது, ஆனால் குறையவும் குறையாது. சுவிஸில் 1,000 பிராங்க் நோட்டே இருக்கிறது, ஆக 1 கோடிக்கு 10,000 நோட்டு, பத்துப் பன்னிரண்டு கிலோ, ஒரு பெட்டியில் அடங்கிவிடும். (1 கோடி டாலரை 100 டாலர் நோட்டாக எடுத்தால் 100 கிலோ, தூக்க ஆள் வேண்டும்.) லாக்கர், காவல், காப்பீடு எல்லாம் 75,000க்குள் முடிந்தால் பதுக்குவதுதான் லாபம், அதனால்தான் எந்த மத்திய வங்கியாலும் மைனஸில் ரொம்பக் கீழே போக முடியவில்லை. சுவிஸ்காரர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருந்தார்கள்: மைனஸ் வட்டி இல்லாமல் ஒவ்வொரு வங்கியும் மத்திய வங்கியில் பணம் வைத்துக்கொள்ள ஒரு வரம்பு இருந்தது, வங்கி ரொக்கத்தைக் கூடுதலாகக் குவித்தால் அந்த அளவுக்கு வரம்பு குறைந்தது.

ரொக்கத்துக்கும் கெடுபிடி வந்தால் கேசினோ சிப் (சூதாட்ட விடுதியில் பணத்துக்குப் பதிலாகத் தரும் வட்ட வில்லை) இருக்கிறதே என்று சிலருக்குத் தோன்றும். லாஸ் வேகஸில் 25,000 டாலர் சிப் உண்டு. ஒன்று சுமார் 10 கிராம், 1 கோடி டாலருக்கு 400 சிப், மொத்தம் 4 கிலோ. அமெரிக்காவில் மைனஸ் வட்டி வந்ததே இல்லை, இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்ப்போமே.

சிப் என்பது கேசினோ நமக்குத் தர வேண்டிய கடனுக்கு அடையாளம், அவ்வளவுதான். சாதாரண காலத்தில் நீங்கள் அதை ஞாபகார்த்தமாக வீட்டுக்குக் கொண்டுபோனால் முதலாளிக்குக் கொண்டாட்டம், வட்டியில்லாக் கடன் கிடைத்த மாதிரி. மைனஸ் வட்டியில் அதே கடன் தலைவலி ஆகிவிடும், ஏனென்றால் நீங்கள் கொடுத்த பணம் அவர் கணக்கில் கிடந்து கரையும், சிப்பை நீட்டும்போது மட்டும் முழுத்தொகை தர வேண்டும். அவருக்குப் பழைய கடன் இருந்தால் இந்தப் பணத்தை வைத்து அடைக்கலாம், அது தீர்ந்த பிறகு என்ன செய்வார்?

சிப்பையே செல்லாமல் ஆக்கலாம். 2010 டிசம்பரில் ஹெல்மெட் போட்ட ஒருவர் பெலாஜியோ கேசினோவில் துப்பாக்கியைக் காட்டி சுமார் 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சிப்களை அள்ளிக்கொண்டு பைக்கில் பறந்தார். கேசினோ அலட்டிக்கொள்ளவில்லை. அந்த வகை 25,000 டாலர் சிப் 2011 ஏப்ரல் 22க்குப் பிறகு செல்லாது, வைத்திருப்பவர்கள் அதற்குள் வந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவித்துவிட்டது. கொள்ளைக்காரர் அவசர அவசரமாக விற்கப் போனார், வாங்க வந்தவர் மாறுவேடத்தில் இருந்த போலீஸ்காரர்.

பதுக்குகிறவர் யாரையும் கொள்ளையடிக்கவில்லைதான், ஆனாலும் கேசினோ இப்படி ஓர் அறிவிப்பு ஒட்டினால் அவரும் 4 கிலோ பையைத் தூக்கிக்கொண்டு அதே கவுன்டருக்குத்தான் ஓட வேண்டும்.