துய்ப்பு: ‘பே-ஆஃப்’ என்பதற்குத் தமிழில் ஏற்கெனவே இருந்த சொல்

திரைக்கதை விவாதங்களில், “செட்டப் நல்லா இருக்கு, பே-ஆஃப்தான் இல்ல” என்பது அடிக்கடி காதில் விழும் பேச்சு. இப்போது நாவல், சிறுகதைப் பட்டறைகளிலும் இதே சொற்கள் புழங்குகின்றன. கதையின் முற்பகுதியில் வைத்த ஒரு பொருளோ குணமோ ஏக்கமோ பின்னால் ஓரிடத்தில் பலித்து, வாசகருக்கு மனம் நிறையும் தருணத்தைத்தான் பே-ஆஃப் என்கிறார்கள். வாசகர் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருக்கிறாரே, அந்த இடம்.

‘பே’ என்ற ஆங்கில வினை பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் ‘பாகாரே’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பாகாரே என்றால் அமைதிப்படுத்துதல். அதற்கு மூலம் ‘பாக்ஸ்’, அதாவது அமைதி. கடன் கொடுத்தவரைச் சமாதானப்படுத்துவது என்பதிலிருந்து பணம் செலுத்துவது என்ற பொருள் கிளைத்தது. ‘பே-ஆஃப்’ என்று கூட்டுச்சொல்லாகிக் கடனை முழுக்கத் தீர்ப்பது, சூதாட்டத்தில் ஜெயித்த தொகை, லஞ்சம் என்றெல்லாம் பொருள் தந்துவிட்டுக் கதைத்தொழிலுக்குள் நுழைந்தது. இவற்றில் கதைக்குப் பொருந்துவது கடன் என்ற பொருள் மட்டும்தான். சூதாட்டப் பொருள் மனதில் தங்கிவிட்டால், தொகை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நிறைவு என்று எழுத்தாளர் நினைத்துவிடுவார். கடைசி அத்தியாயத்தில் வெடிப்பும் ஓட்டமும் பெருகும், வாசகருக்கு ஒன்றும் ஆகாது. கடனில் அப்படியில்லை. வாங்கியது எவ்வளவோ அதற்குத் தக்கபடி தீர்க்க வேண்டும். சிறிய ஏக்கத்துக்குச் சிறிய தீர்வே போதும்.

இதை உச்சக்கட்டத்தோடு குழப்பிக்கொள்வதுண்டு. உச்சக்கட்டம் ஒரு கதையில் பெரும்பாலும் ஒன்றுதான். பே-ஆஃப் எந்தப் பக்கத்திலும் வரலாம், ஒரு நாவலில் இருபது முப்பது இருக்கலாம். திருப்பமும் வேறு. திருப்பத்தில் வாசகர் எதிர்பாராதது நடக்கும். இங்கே அவர் வேண்டிக்கொண்டிருந்தது, எதிர்பாராத வடிவத்தில் நடக்கும். அரிஸ்டாட்டில் சொன்ன ‘கதார்சிஸ்’ (உணர்ச்சிகள் வடிந்து மனம் தெளிதல்) துன்பியல் நாடகம் முழுமையும் பார்வையாளரிடம் ஏற்படுத்தும் விளைவு; தனித் தருணத்துக்கு அது பெரிய சட்டை.

இனி தமிழ்ச்சொல். ‘பலன்’ என்று சிலர் எழுதுகிறார்கள். உடனே ராசிபலன் ஞாபகம் வருகிறது. ‘கைகூடல்’ அழகான சொல்தான், ஆனால் ஆசை நிறைவேறும் இடங்களுக்கு மட்டுமே பொருந்தும். ஒருவர் தன் தவறை உணர்ந்து உடையும் காட்சியை எப்படிக் கைகூடல் என்பது? ‘நிறைவேற்றம்’ அலுவலகக் கோப்பின் வாடை. ‘பயன்’ மிகப் பொதுவானது.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் நாடகத்துக்கு ஐந்து சந்திகள், அதாவது கதை வளரும் கட்டங்கள், சொல்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். ஐந்தையும் பயிர்த்தொழிலை வைத்தே விளக்குகிறார். உழுத நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். இலை தோன்றி நாற்றாவது பிரதிமுகம். கரு முற்றி உள்ளே பொருள் பொதிந்து நிற்பது கருப்பம். கதிர் திரண்டு முற்றுவது விளைவு. அறுத்து, போராகக் குவித்து, தூற்றி, கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல்.

வடமொழி நாடக நூல்களில் இந்த ஐந்தின் கடைசி இரண்டுக்கும் விமர்சம், நிர்வஹணம் என்று பெயர். நிர்வஹணம் என்றால் முடித்துவைத்தல். அது ஆக்குபவரின் வேலை. துய்த்தல் உண்பவரின் வேலை. தமிழ்ப் பெயரில் பார்வை எழுத்தாளரின் மேசையிலிருந்து வாசகரின் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. அதைவிட முக்கியமானது, விளைவையும் துய்த்தலையும் இரண்டு வேறு கட்டங்களாகப் பிரித்திருப்பது. ஆங்கிலச் சொல்லில் இந்தப் பிரிவு இல்லை. ஆனால் வீணாய்ப்போகும் நெகிழ்ச்சிக் காட்சிகளில் பெரும்பான்மை இந்த இடைவெளியில்தான் விழுகின்றன: கதிர் முற்றிவிட்டது, யாரும் உண்ணவில்லை.

மேடையில் தோட்டாவோடு துப்பாக்கியை வைத்தால் அது சுடப்பட வேண்டும் என்ற கருத்தை ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1889இல் ஒரு கடிதத்தில் எழுதினார். எல்லாப் பட்டறைகளிலும் இது ஒப்பிக்கப்படுகிறது. துப்பாக்கி வெடிப்பது விளைவுதான். வெடித்த ஓசைக்குப் பின் அறையில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதில்தான் துய்ப்பு இருக்கிறது. அதைப் பற்றி அந்த விதி எதுவும் சொல்வதில்லை.

ஆகவே பே-ஆஃபுக்குத் ‘துய்ப்பு’ என்பதே சரியான சொல். செட்டப்புக்கு ‘வித்து’, வைக்கும் செயலுக்கு ‘விதைப்பு’. ‘விளைவு’ என்பதையே வைத்துக்கொள்ளலாமே என்றால், அது இன்று பின்விளைவு, பக்கவிளைவு என்று வேறு பக்கம் போய்விட்டது. ‘நுகர்வு’ சந்தைக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. துய்ப்பு மட்டும் இன்னும் யாருடைய கையிலும் சிக்காமல் இருக்கிறது.

தொழில் எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு மாதிரிக் கதை. தந்தை கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். மகள் அதே மேசையில் வேலை பழகுகிறாள். அவள் மூடிய ஒவ்வொரு கடிகாரத்தையும் அவர் மறுபடி திறந்து, திருகாணிகளைத் தானே முடுக்கி வைக்கிறார். குறையும் சொல்வதில்லை, பாராட்டும் இல்லை. வாசகர் வேண்டுவது ஒன்றுதான்: அவர் ஒருமுறையாவது இவள் வேலையை நம்ப வேண்டும்.

3000 சொல் சிறுகதை என்று வைத்துக்கொள்வோம். முதல் வித்து முதல் 600 சொற்களுக்குள் விழ வேண்டும், அதுவும் வேறொரு வேலை நடக்கும் காட்சிக்குள். வாடிக்கையாளர் ஒருவர் தாமதத்துக்காகச் சத்தம் போடுகிறார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே தந்தையின் கை மகள் மூடிய கடிகாரத்தைத் திறக்கிறது. ஒரே வாக்கியம். வாசகர் பார்க்க வேண்டும், குறித்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது வித்து கதையின் நடுவில், வடிவம் மாறி வரும்: இரவில் படுத்திருக்கிறாள், முன்னறையில் திருப்புளி மேசைமேல் வைக்கப்படும் ஓசை கேட்கிறது. இப்போது அது வலிக்கிறது. மூன்றாவது, சுமார் 2000ஆவது சொல்லில்: கோபத்தில் ஒரு திருகாணியை வேண்டுமென்றே தளர்வாக விட்டுவைக்கிறாள். அவர் அதையும் ஒன்றும் சொல்லாமல் முடுக்கிவிட்டுப் போகிறார். சண்டைகூடக் கிடைக்கவில்லை. முதல் வித்து தகவல், இரண்டாவது வலி, மூன்றாவது மறுப்பு. மூன்றும் ஒரே வேலையைச் செய்தால் அது திரும்பச் சொல்லுதலே தவிர விதைப்பு ஆகாது.

விளைவு: தந்தையின் சொந்தக் கடிகாரம் நின்றுபோகிறது. மகள் சரிசெய்து மூடி, மேசைமேல் வைக்கிறாள். அவர் எடுத்துக் காதில் வைத்துக் கேட்கிறார், மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்.

பலர் இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். இன்னும் பலர் தந்தையைப் பேசவைப்பார்கள்: “நல்லா செஞ்சிருக்கேம்மா.” முதலாவது பசியோடு எழுப்பிவிடுவது, இரண்டாவது உண்ணவிடாமல் விளக்கம் சொல்வது. துய்ப்புக்கு இன்னும் ஓர் எண்பது முதல் நூற்றைம்பது சொற்கள் வேண்டும். மகளின் பார்வை திருப்புளி இருக்கும் இடத்துக்குப் போகிறது. அவர் கை இனி அங்கே போகும் என்று காத்திருக்கிறாள், வாசகரும் காத்திருக்கிறார். கை போகவில்லை. “விளக்கை அணைச்சிட்டு வா” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போகிறார். அவள் உடனே அணைப்பதில்லை. திருகாணி, நம்பிக்கை, பெருமை எதையும் உரைநடை பெயர் சொல்லவில்லை. மூன்று வித்துகளையும் தன் நினைவிலிருந்து எடுத்துச் சேர்ப்பது வாசகர். அந்தச் சேர்க்கும் வேலையில்தான் அவருக்கு இன்பம் இருக்கிறது. அதை எழுத்தாளர் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

இந்தக் காட்சி கெட்டுப்போகும் வழிகள் பல. வித்து ஒன்றே ஒன்று என்றால் வாசகர் மறந்திருப்பார். அவருக்கு இது ஒருவர் கடிகாரம் கட்டும் காட்சி மட்டுமே. கடைசி வித்துக்கும் விளைவுக்கும் நடுவே ஒரு பக்கம்கூட இல்லாவிட்டால் நெகிழ்ச்சிக்குப் பதில் தந்திரம் தெரியும். வித்தின் மேல் வெளிச்சம் அதிகமானால் (தந்தை திறப்பதை மகள் வெறித்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டால்) முடிவை வாசகர் மூன்றாம் பக்கத்திலேயே எழுதிவிடுவார். விலை கொடுக்காமல் கிடைப்பதும் ருசிக்காது: மகள் இந்தத் தொழிலையே விட்டுவிடலாம் என்று உண்மையாகவே கிளம்பிய பிறகு கிடைக்கும் மௌனத்துக்கு இருக்கும் எடை, சும்மா கிடைத்ததற்கு வராது. மற்றொரு பிழை ஆள் மாறுவது. மகளின் திறமையை வாடிக்கையாளர்கள் கூட்டமாக வந்து புகழ்ந்தாலும் கடன் தீராது. அவள் கேட்டது அவர்களிடம் இல்லை.

வித்து எந்த வழியில் வெளிப்படுகிறது என்பதும் கணக்கில் வரும். ஹோமரின் காவிய நாயகன் ஒடிசியஸின் தழும்பைப் பற்றி அரிஸ்டாட்டில் சொன்னது இன்றும் உதவும். பழைய செவிலி அவன் காலைக் கழுவும்போது தழும்பு தானாக அகப்படுகிறது. பின்னால் பன்றி மேய்ப்பவனுக்குத் தன்னை நிரூபிக்க அவனே தழும்பைக் காட்டுகிறான். இரண்டும் ஒரே தழும்பு. நிகழ்ச்சியின் போக்கில் வெளிப்படுவதே மேல் என்கிறார் அவர். மாதிரிக் கதையில் மகள், “இன்னிக்கு நீங்க திறந்து பாக்கலையே அப்பா” என்று கேட்டுவிட்டால் அது காட்டிய தழும்பு.

நாவலில் அளவுகள் மாறும். இரண்டாம் அத்தியாயத்தில் இட்டதை முப்பதாம் அத்தியாயத்தில் அறுப்பதானால் நடுவில் குறைந்தது இரண்டு நினைவூட்டல்கள் தேவை. கடைசியானது விளைவுக்கு ஓரிரு அத்தியாயம் முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும். வாரத் தொடரில் வாசகரின் மறதி இன்னும் வேகமானது. நான்கைந்து வாரத்துக்கொரு தடவை வித்தைத் தொட்டுவிட்டுப் போவது நல்லது. பெரிய துய்ப்புக்கு ஒரு தனிச் சிறு அத்தியாயமே கொடுக்கலாம்; அதில் புது நிகழ்ச்சி எதையும் நுழைக்காமல் இருந்தால் போதும். அடுத்த வில்லன் கதவைத் தட்டுவது பத்துப் பக்கம் கழித்து நடக்கட்டும்.

எந்த உணர்ச்சிக்கு எதை விதைப்பது என்று திகைப்பவருக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் கைகொடுக்கும். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என எட்டு மெய்ப்பாடுகள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகள்; ஒவ்வொன்றுக்கும் பிறப்பிடம் நான்கு. அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றிலிருந்து பிறக்கும்: பிறரால் இகழப்படுவது, இழப்பது, முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. பெருமிதம் கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடையிலிருந்து. இதை இலக்கணமாக மனப்பாடம் செய்யும் நேரத்தில் சோதனைத்தாளாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். மகளின் கதை அழுகையில் முடிய வேண்டுமா, பெருமிதத்திலா? பெருமிதம் என்றால், அந்த நான்கில் இங்கே பொருந்தும் பிறப்பிடம் கல்வி. அவள் கற்றுக்கொள்வது ஒரு காட்சியிலாவது பக்கத்தில் இருக்க வேண்டும்: ஒரு சக்கரத்தை நான்கு தடவை கழற்றி மாட்டுவது, கூர்முனை இடுக்கியில் மூச்சடக்கி ஆணியைப் பிடிப்பது. அது இல்லாமல் தந்தையின் நம்பிக்கை மட்டும் வந்தால் கிடைப்பது பெருமிதம் ஆகாது, பரிதாபம்தான். பாத்திரத்தை அழவைத்தால் வாசகரும் அழுவார் என்று நம்புகிறவர்கள் பிறப்பிடத்தை விட்டுவிட்டு மெய்ப்பாட்டை மட்டும் எழுதுகிறார்கள்.

மன்னிப்புக் கேட்கும் காட்சிக்குத் தனி நிபந்தனை ஒன்று உண்டு. “எல்லாத்துக்கும் மன்னிச்சிரு” என்பது எதையும் தீர்க்காது. எந்த நாள், எந்தச் செயல் என்று தவறு செய்தவர் பெயர் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் மட்டுமே அறிந்திருந்ததாக வாசகர் நினைத்த விவரமாக அது இருந்தால் இன்னும் நல்லது. கொடியவன் வீழும் இடத்தில், அவன் வழக்கமாகப் பெருமைப்பட்ட அதே பழக்கமே அவனைச் சிக்கவைக்க வேண்டும், அதை அவன் ஒரு கணமாவது புரிந்துகொள்ள வேண்டும். தெரியாமலே செத்துவிட்டால் வாசகரின் கணக்கு தீராமல் நிற்கும்.

சொல்லைப் பயன்படுத்தும் முறை எளிது. பிரதி திருத்தும்போது ஓரத்தில், “வித்து உண்டு, விளைவு இல்லை” என்றால் வைத்த பொருள் திரும்பி வரவேயில்லை என்று பொருள். “விளைவு உண்டு, வித்து இல்லை” என்றால் திடீர் அதிர்ஷ்டத்தில் கதை முடிகிறது. முன்னால் போய் இரண்டு இடங்களில் விதைக்க வேண்டும். “விளைவு உண்டு, துய்ப்பு இல்லை” என்று எழுதியிருந்தால் முன்னால் எதையும் தொட வேண்டாம், காட்சியை அங்கே வெட்டாமல் இன்னும் அரைப் பக்கம் நீட்டினால் போதும். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் “பே-ஆஃப் ஒர்க் ஆகல” என்ற ஒரே குறிப்புதான் வரும். எழுதியவர் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் முழுக் கதையையும் கலைத்துவிடுவார்.