ஜிப்ஸி, ஜிம்னி வண்டிகளின் பின் ஆக்ஸிலுக்கு எந்த டிஃப் லாக்?

மாருதி சுஸுகியின் ஜிப்ஸியோ ஜிம்னியோ குறுக்குப் பள்ளத்தில் இறங்கும்போது பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தூக்கிக்கொண்டால், அது மட்டும் வெறுமனே சுற்றும். தரையில் அழுந்தி நிற்கும் மறுசக்கரம் அசையாது. இது பழுது அல்ல, ஆக்ஸிலின் நடுவில் இருந்து இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் சாதாரண டிஃபரன்ஷியலின் இயல்பு. கிரவுன் வீல் என்னும் பெரிய பல்சக்கரத்திலிருந்து வரும் முறுக்குவிசையை இரண்டு ஆக்ஸில் ஷாஃப்ட்டுகளுக்கும் அது எப்போதும் சரிபாதியாகவே பிரிக்கும். சக்கரங்களின் வேகம்தான் வேறுபடலாம். அந்தரத்துச் சக்கரத்தைச் சுற்ற ஏறக்குறைய விசையே தேவையில்லை என்பதால், மறுபக்கத்துக்கும் அதே சொற்ப விசைதான் போகிறது.

இரண்டு சக்கரத்தையும் பிணைத்து ஒன்றாகச் சுற்றவைப்பதுதான் டிஃப் லாக். அதற்காக அவற்றை நிரந்தரமாகப் பிணைத்துவிடவும் முடியாது. ஜிம்னியின் பின்சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.4 மீட்டர். வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட 8.8 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. வட்டம் சிறியதானாலும் பெரியதானாலும் இந்தக் கணக்கு மாறாது. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன் என்னும் சிறு பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டால், அந்த 8.8 மீட்டரையும் ஏதாவது ஒரு டயர் தேய்ந்துதான் தீர்க்க வேண்டும். ஆக்ஸில் ஷாஃப்ட் முறுக்கேறிக்கொண்டே இருக்கும். தார்ச்சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குக்கூட வெல்டிங் வேண்டாம்.

ஜிம்னியில் பிரேக் எல்எஸ்டி இருக்கிறதே, தனியாக லாக் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். வெட்டியாகச் சுற்றும் சக்கரத்தை அது பிரேக் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் சரிபாதி விதி அங்கேயும் விடாது. பிடிப்புள்ள சக்கரத்துக்கு 500 நியூட்டன் மீட்டர் போக வேண்டுமென்றால், சுற்றும் சக்கரத்தின் பிரேக்கும் 500 நியூட்டன் மீட்டரை விழுங்கியாக வேண்டும். அதாவது பின் ஆக்ஸிலுக்கு வரும் விசையில் பாதி பிரேக் டிரம்மில் சூடாகப் போகிறது. பெரிய டீசல் எஞ்சினுக்கு இது தாங்கும். 134 நியூட்டன் மீட்டர் தரும் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், பாறை ஏற்றத்தில் இதனால் திணறும். போதாக்குறைக்கு, சக்கரம் வழுக்கிய பிறகுதான் பிரேக் விழும். பாறையின் விளிம்பில் நிற்கும் வண்டிக்கு அந்தச் சிறு தாமதமே அதிகம்.

சாய்பல் கியர்கள் கொண்ட ஹெலிகல் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் சேற்றிலும் சரளையிலும் அழகாக வேலை செய்யும். குறைந்த பிடிப்புள்ள சக்கரம் தாங்கும் விசையை அது சில மடங்காகப் பெருக்கி மறுபக்கம் தருகிறது. சக்கரம் முழுக்கத் தூக்கிவிட்டால் பெருக்குவதற்கு ஒன்றுமில்லை. பிரேக்கை லேசாக மிதித்துச் சமாளிக்க வேண்டும். இறுக்கமான லீஃப் ஸ்பிரிங் கொண்ட ஜிப்ஸி அடிக்கடி சக்கரத்தைத் தூக்கும் வண்டி. அதற்கு முழு லாக்தான் சரி.

விலை குறைந்த வழி லஞ்ச் பாக்ஸ் லாக்கர். டிஃபரன்ஷியலின் பழைய கேஸுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்களையும் பக்க கியர்களையும் கழற்றிவிட்டு, பல் வைத்த நான்கு துண்டுகளைப் பொருத்துவதுதான் அது. ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் தானாகப் பூட்டும். காலை எடுத்து வளைத்தால் வெளிச்சக்கரம் டிக் டிக் என்று தாண்டி ஓடும். நீள வண்டியில் இது அவ்வளவாகத் தெரியாது. 2,375 மில்லிமீட்டர் வீல்பேஸ் உள்ள ஜிப்ஸியில், நடு வளைவில் காலை எடுத்ததும் பூட்டு விடுபட்டு வண்டி சட்டென்று உள்பக்கம் திரும்பும். மறுபடி மிதித்தால் வெளியே தள்ளும். மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில் இது ஆபத்து. டிரெய்லரில் ஏற்றிக் காட்டுக்குக் கொண்டுபோகும் வண்டிக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்கலாம்.

2020இல் வந்த மஹிந்திரா தார் வண்டியின் சில வகைகளில் உள்ள மெக்கானிக்கல் லாக், இரு சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்றைத் தாண்டினால் பூட்டும். மெதுவாகவே ஊர்ந்தால் அது விழிக்காது. கொஞ்சம் சுற்றவிட வேண்டும்.

அன்றாடம் சாலையிலும் ஓடும் சிறிய வண்டிக்கு, ஓட்டுநர் விரும்பும்போது பூட்டித் திறக்கும் லாக்கரே ஏற்றது. ஃபோர்ஸ் கூர்க்கா வண்டியில் இத்தகைய லாக் முன்னும் பின்னும் கம்பெனியிலிருந்தே வருகிறது. வெளியில் வாங்கினால் காற்று, மின்சாரம் என்று இரண்டு வழி. காற்று லாக்கர் சட்டென்று பூட்டும். அதே கம்ப்ரஸரால் டயருக்கும் காற்றடிக்கலாம். ஆனால் ஆக்ஸில் ஹவுசிங்கில் துளை போட்டுக் குழாய் இழுக்க வேண்டும். குழாய் சைலன்ஸர் பக்கம் போனால் உருகும். உள் சீல் கசிந்தால் காற்று ஹவுசிங்குக்குள் புகுந்து பிரீதர் என்னும் காற்றுத்துளை வழியாக எண்ணெயைத் தள்ளும். பிரீதரும் சேறடைத்திருந்தால் ஆக்ஸில் சீலைத் தாண்டி எண்ணெய் பிரேக் டிரம்முக்கே வந்துவிடும். மின் லாக்கரில் இந்தத் தொல்லை இல்லை, வயர்தான் அறுபடும். பூட்டச் சக்கரம் சற்று உருள வேண்டும். சில வகைகள் முன்னிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது நொடி நேரம் விடுபட்டு மறுபடி பூட்டும். முன்னும் பின்னும் ஆட்டி மீட்கும்போது இது எரிச்சல் தரும்.

வாங்குமுன் ஆக்ஸில் ஷாஃப்ட்டைக் கழற்றி, அதன் முனையில் உள்ள ஸ்ப்லைன் என்னும் நீளப் பற்களை எண்ணிப் பாருங்கள். சுஸுகி வண்டிகளில் மாடலுக்கு மாடல் மாறும். ஷாஃப்ட்டின் வலிமையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பின் ஆக்ஸில் மீது 600 கிலோ, டயர் ஆரம் 0.35 மீட்டர், உராய்வுக் கெழு 0.8 என்று வைத்தால் தரை தாங்கும் முறுக்குவிசை மொத்தம் சுமார் 1,650 நியூட்டன் மீட்டர். லாக் இல்லாமல் இரு சக்கரமும் தரையில் இருந்தால், ஆளுக்கு 825. லாக் பூட்டி ஒரு சக்கரம் தூக்கினால், 1,650உம் ஒரே ஷாஃப்ட்டில் இறங்கும். மேனுவல் ஜிம்னியின் முதல் கியர் 4.425, மெதுவான ஓட்டத்துக்கான லோ ரேஞ்ச் விகிதம் 2.002, ஆக்ஸில் விகிதம் 4.09. எஞ்சினின் 134ஐ இவற்றால் பெருக்கினால் 4,800க்கு மேல் வருகிறது, ஷாஃப்ட்டை முறிக்க அது தாராளம். பெரிய டயர் போட்டால் ஆரம் கூடி, சுமையும் கூடும். வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் திடீரென்று பாறையில் கடிக்கும் கணத்தில்தான் பெரும்பாலும் ஷாஃப்ட் முறிகிறது.

பொருத்தும் வேலையில் ஒரு வசதி: இந்த வண்டிகளின் பின் டிஃபரன்ஷியல் தனியாகக் கழன்று வரும், மேசையில் வைத்தே வேலை பார்க்கலாம். எண்ணெயை வடித்து, ஷாஃப்ட்டுகளை உருவி, எஞ்சின் விசையை ஆக்ஸிலுக்குக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நிலையை அடையாளமிட்டுக் கழற்றுங்கள். பேரிங் கேப்புகளுக்கு இடம் வலம் குறி போடாமல் கழற்றவே கூடாது. முழுக் கேஸையும் மாற்றுவதானால் கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையிலான ப்ளேயை (பல் இடைவெளியை) டயல் கேஜ் வைத்துச் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பல்லில் வண்ணப்பசை தடவிச் சுற்றி, தடம் நடுவில் விழுகிறதா என்றும் பாருங்கள். இதில் அவசரப்பட்டால் சில நூறு கிலோமீட்டரிலேயே ஊளைச் சத்தம் கேட்கும். கிரவுன் வீல் போல்ட்டுகளுக்குத் திரெட் லாக் போட்டு டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள். ஓடத் தொடங்கி 1,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றி, வடித்ததில் உலோகத் துகள் இருக்கிறதா என்று தேடுங்கள்.

தடைக்கு முன்பே, நின்றோ ஊர்ந்தோ லாக்கைப் போடுங்கள். சக்கரம் வழுக்கி வேகமாகச் சுற்றும்போது போட்டால் பல் உடையலாம். பக்கவாட்டுச் சரிவில் ஈர மண் இருந்தால் திறந்தே வையுங்கள். லாக் இல்லாதபோது சுற்றாமல் நிற்கும் சக்கரம் வண்டியைச் சரிவில் பிடித்து வைத்திருக்கும். லாக் போட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றி, வால் கீழே வழுக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் ஷாஃப்ட்டில் முறுக்கு தங்கியிருந்தால் லாக் விடாது. சிறிது பின்னால் எடுத்து, ஸ்டியரிங்கை இருபுறமும் லேசாக ஒடித்தால் விடும். தார்ச்சாலை ஏறுவதற்கு முன் மண்ணிலேயே ஒரு வளைவு எடுத்து அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.